கையளிப்பு: ஒரு பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் விடைபெறும்போது நடக்க வேண்டியவை

மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்கள் பலவற்றில் ஒரு கழி உண்டு. ஆள் உயரம் இருக்கும். அதில் கோடுகள் போட்டிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஊர்மக்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கழியோடு ஒட்டி நிற்பார்கள். தலை எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அதற்கேற்ற மாத்திரை. உயரம் 90 செ.மீ. முதல் 119 வரை என்றால் ஒன்று, 120 முதல் 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. 90 செ.மீ. எட்டாத குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கிடையாது. எடைக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மருத்துவர் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். கழியைப் பிடித்திருப்பவர் அதே ஊர்க்காரர். அவரை ஊர் கூடித் தேர்ந்தெடுத்திருக்கிறது.

அந்த மாத்திரை ஆற்றுக்குருடு நோய்க்கானது. வேகமாக ஓடும் ஆறுகளில் முட்டையிடும் ஒரு சிறிய கருப்பு ஈ கடிக்கும்போது ஒரு வகைப் புழு மனித உடலுக்குள் ஏறிவிடுகிறது. புழுவின் குஞ்சுகள் தோலுக்கடியில் பரவித் தாங்க முடியாத அரிப்பைத் தரும். கண்ணை எட்டினால் பார்வையைப் பறிக்கும். ஆற்றங்கரை நிலம்தான் வளமான நிலம். அதையே போட்டுவிட்டு மக்கள் மேட்டு நிலங்களுக்கு ஓடினார்கள். 1974இல் உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி, இன்னும் இரண்டு ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து ஏழு நாடுகளில் ஒரு கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கின. பின்னர் அது 11 நாடுகளுக்கு விரிந்தது. ஹெலிகாப்டரில் பறந்து ஆறுகளின் மேல் மருந்து தெளித்து, ஈக்களைப் புழுப் பருவத்திலேயே கொன்றார்கள். 2002 டிசம்பரில் திட்டம் மூடப்பட்டது. அதற்குள் 6 லட்சம் பேரின் பார்வை காக்கப்பட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

ஹெலிகாப்டரை ஒரு கிராமத்திடம் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கழியைக் கொடுக்கலாம். 1987இல் மெர்க் நிறுவனம் ஐவர்மெக்டின் மாத்திரையை இந்த நோய்க்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. 1995இல் ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளுக்காகத் தொடங்கிய இரண்டாவது திட்டம், மாத்திரை வினியோகத்தை ஊர்களே முன்னின்று நடத்தும் முறையைக் கைக்கொண்டது. எந்த மாதத்தில் கொடுப்பது, வீடு வீடாகப் போவதா மரத்தடிக்கு வரச் சொல்வதா, யார் கொடுப்பது, கொடுப்பவருக்கு ஊர் என்ன கைம்மாறு செய்வது ஆகிய நான்கையும் ஊரே முடிவு செய்யும். சுகாதார நிலையம் மாத்திரையும் பயிற்சியும் தரும். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒரு பன்னாட்டு அமைப்பு தன் வேலையை உள்ளூர் மக்களிடம் விட்டுவிட்டு விலகுவதைக் கையளிப்பு என்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அலுவலகத்தைப் பூட்டுவது போலத் தெரியும். உண்மையில் மூடுவது ஒரு நாள் வேலை. கையளிப்பது பல ஆண்டு வேலை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களையும், தங்கள் ஊரில் ஒரு நிறுவனம் மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

எதனால் மூடுகிறார்கள்?

காரணங்கள் பல. சில அமைப்புகள் முடியும் நாளைத் தாங்களே முன்கூட்டிக் குறித்துக்கொள்கின்றன. சக் ஃபீனி என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 1982இல் தொடங்கிய அட்லாண்டிக் அறக்கட்டளை, அவர் உயிரோடு இருக்கும்போதே எல்லாப் பணத்தையும் கொடுத்துத் தீர்ப்பது என்று முடிவெடுத்தது. அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, வியட்நாம் எனப் பல நாடுகளில் மொத்தம் 800 கோடி டாலர் கொடுத்துவிட்டு, 2016இல் கடைசி நிதியை ஒதுக்கி, 2020இல் கதவைச் சாத்தியது. இப்படித் திட்டமிட்டு முடிப்பவர்கள் குறைவு.

பணம் வற்றி மூடுபவர்களே அதிகம். 2020 மே மாதம் ஆக்ஸ்ஃபாம் 18 நாடுகளிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. இலங்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஏறத்தாழ 1,450 பணியாளர்களின் வேலையைப் பாதிக்கும் முடிவு அது. சில நேரங்களில் நாட்டின் அரசே போகச் சொல்லும். செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இருந்த தன் அலுவலகங்களை 2011இல் மூடியது இலங்கை அரசு கேட்டுக்கொண்டதால்தான்.

இவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. லண்டனிலோ ஜெனீவாவிலோ உட்கார்ந்துகொண்டு கென்யாவின் துர்கானாவில் கிணறு எங்கே தோண்டுவது என்று முடிவெடுப்பது முறையா என்ற கேள்வி அந்த நிறுவனங்களுக்குள்ளேயே எழுந்திருக்கிறது. உள்ளூரில் வேலை செய்பவர்கள் இதை நெடுங்காலமாகக் கேட்டு வந்தார்கள். இப்போது அது கூட்ட அறைகளுக்குள் நுழைந்திருக்கிறது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் கேள்வி நியாயமானது என்பதாலேயே கையளிப்பு ஒழுங்காக நடந்துவிடாது.

என்னென்ன கைமாற வேண்டும்?

புதிதாக வருபவர்கள் முதலில் நினைப்பது பொருட்களை. ஜீப், கணினி, நாற்காலி, குளிர்சாதனப் பெட்டி. இவற்றைக் கொடுப்பது எளிது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: பெரும்பாலான நாடுகளில், கலைக்கப்படும் தொண்டு நிறுவனத்தின் மிச்சச் சொத்தை உறுப்பினர்களோ இயக்குநர்களோ பங்கிட்டுக்கொள்ள முடியாது; அதே போன்ற நோக்கமுள்ள இன்னோர் அமைப்புக்கே அது போக வேண்டும். அதனால் பெற்றுக்கொள்ளும் உள்ளூர் அமைப்பு முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாத சங்கத்திடம் ஜீப்பைக் கொடுத்தால் வண்டி யார் பெயரில் ஓடும்? காப்பீடு யார் கட்டுவது? டீசல் செலவு எந்தக் கணக்கில் ஏறும்? வண்டிகளை வாங்கிக்கொண்டு அவற்றை ஓட்ட வழியில்லாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் சங்கங்கள் எத்தனையோ.

அடுத்தது தொடர்புகள். எந்தத் துறையில் எந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும், எந்த மருந்துக் கிடங்கில் எப்போது சரக்கு வரும், எந்தக் கொடையாளர் எந்த மாதத்தில் விண்ணப்பம் கேட்பார் என்பவையெல்லாம் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரின் மூளையிலும் கைபேசியிலும் இருக்கும். அவர்கள் போனால் அதுவும் கூடவே போய்விடும். ‘விமன் ஹூ கோட்’ என்ற அமைப்பை மென்பொருள் துறையில் இருக்கும் பலர் அறிவார்கள். கணினித் துறைப் பெண்களுக்காக 2011இல் தொடங்கி, 145 நாடுகளில் 3 லட்சத்து 60 ஆயிரம் உறுப்பினர்கள் வரை வளர்ந்தது. 2024 ஏப்ரலில் நிதிப் பற்றாக்குறையால் அதைக் கலைப்பதாக அதன் நிர்வாகக் குழு அறிவித்தது. நகரம் நகரமாகக் கூட்டங்களை நடத்திக்கொண்டிருந்தவர்கள் அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள். வேலை ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருந்தது. பெயர் தலைமையிடம் இருந்தது. சில நகரங்களில் பெண்கள் புதுப் பெயர் வைத்துக்கொண்டு மீண்டும் கூடத் தொடங்கினார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பெயரையும் உறுப்பினர் பட்டியலையும் எப்படிப் பகிர்வது என்று ஓராண்டு முன்பே பேசி வைப்பதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது முடிவெடுக்கும் உரிமை. இதை நான் நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

சுனாமிக்குப் பிறகான ஆண்டுகளில், நாகப்பட்டினம் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில் மீன் விற்கும் பெண்களின் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுத உதவிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அவர்களுக்குச் சுழல்நிதி கொடுத்திருந்தது. நிறுவனம் விடைபெற்ற அன்று பந்தல் போட்டு, மாலை மரியாதையோடு, ‘இனி எல்லாம் உங்களுடையது’ என்று மேடையில் சொன்னார்கள். பெண்கள் சிலர் கண் கலங்கினார்கள். அந்த வார்த்தை மனதிலிருந்து வந்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன். மூன்று வாரம் கழித்து, மீன் ஏலத்துக்கு முன்பணம் எடுக்கத் தலைவி அக்கா வங்கிக்குப் போனார். காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று அக்காவுடையது. மற்றொன்று நிறுவனத்தின் திட்ட அலுவலருடையது. அவர் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். கையெழுத்து மாற்றத் தீர்மான நகல் வேண்டும் என்றார் வங்கி ஊழியர். தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுபோனோம். ரப்பர் முத்திரை இல்லாமல் ஏற்க முடியாது என்றார். முத்திரை அலுவலகச் சாமான்களோடு பெட்டியில் கட்டப்பட்டுச் சென்னைக்குப் போயிருந்தது. அக்கா கவுன்ட்டருக்கு வெளியே நின்றபடி, கையிலிருந்த பாஸ்புக்கை விரித்து, அதில் இருந்த தொகையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் அவர்கள் பெயரில் இருந்தது. நான்கு மாதம் அதைத் தொட முடியவில்லை. அந்த நான்கு மாதமும் கந்துவட்டிக்கு வாங்கித்தான் வியாபாரம் நடந்தது.

அதனால்தான் கையளிப்பைப் பற்றி யார் பேசினாலும் என் முதல் கேள்வி, ‘காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?’ என்பது. அடுத்த கேள்வி, ‘எப்போதிலிருந்து?’ விலகும் நாளுக்கு ஓரிரண்டு ஆண்டு முன்பே கையெழுத்து உரிமை ஊராரிடம் போய்விட வேண்டும். அவர்கள் தவறு செய்யட்டும். ஒரு தவணையைத் தவறான ஆளுக்குக் கொடுத்து, அதை எப்படித் திரும்ப வாங்குவது என்று கூட்டத்தில் சண்டை போட்டுத் தீர்க்கட்டும். நிறுவனம் பக்கத்தில் இருக்கும்போது செய்யும் தவறு அனுபவமாகிவிடும். போன பிறகு செய்யும் அதே தவறு குழுவை உடைத்துவிடும்.

யாரிடம் கொடுப்பது?

‘உள்ளூர்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளூர் என்பது யார்? அரசா, உள்ளூர்த் தொண்டு நிறுவனமா, ஊர்ப் பஞ்சாயத்தா, பயன்பெறும் மக்களின் சங்கமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

அரசிடம் கொடுத்ததற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கேட்ஸ் அறக்கட்டளை 2003இல் அவாஹன் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், மணிப்பூர், நாகாலாந்து ஆகிய ஆறு மாநிலங்களில், பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், ஊசி மூலம் போதைப் பொருள் எடுத்துக்கொள்பவர்கள், நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்கள் ஆகியோரிடையே அது வேலை செய்தது. தமிழ்நாட்டில் சென்னை வி.எச்.எஸ். மருத்துவமனை நிறுவனம் அதை முன்னின்று நடத்தியது. ஒரு நாள் இதை அரசிடமும் மக்களிடமும் ஒப்படைப்போம் என்பது ஆரம்பத்திலேயே அதன் நோக்கங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. இது முக்கியம். முடிவைப் பற்றிய பேச்சு முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

ஒப்படைத்த விதத்தையும் பாருங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டு, 2009, 2011, 2012 என மூன்று சுற்றுகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். முதல் சுற்றில் பத்தில் ஒரு பங்குத் திட்டங்கள்தான் போயின. அடுத்து ஐந்தில் ஒரு பங்கு. அவற்றில் கற்ற பாடங்களை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கடைசிச் சுற்றில் ஒப்படைத்தார்கள். கொடுப்பதற்கு முன்பே சம்பளம், ஆட்களின் எண்ணிக்கை, பதிவேடுகள் ஆகியவற்றை அரசு விதிமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அரசு கொடுக்க முடியாத சம்பளத்தில் ஒரு திட்டத்தை வளர்த்து, அதை அப்படியே அரசிடம் கொடுத்தால் அடுத்த நாளே அது நொண்டும். மாற்றத்துக்குப் பிறகும் உடனே கைகழுவவில்லை. சில காலம் கூட நின்றார்கள்.

இந்தத் திட்டத்தின் உயிர்நாடி அலுவலகத்தில் இல்லை. தெருவில் இறங்கிச் சக பாலியல் தொழிலாளர்களைத் தேடிப் போன பெண்களிடம் இருந்தது. ஒவ்வொருவரும் தன்னைப் போன்ற சில பத்துப் பெண்களுக்குப் பொறுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பயன்படுத்தும்படி படங்களும் குறிகளும் கொண்ட ஒரு தாளில், எந்தப் பெண்ணைப் பார்த்தோம், யார் பரிசோதனைக்குப் போகவில்லை, யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை அந்தப் பெண்களே குறித்து வைப்பார்கள். அந்தத் தாளைப் பார்த்து மறுவாரம் யாரைத் தேடிப் போவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். அரசுக் கைக்குப் போன பிறகு பெரும்பாலான சேவைகள் தொடர்ந்தன. அது பெரிய வெற்றி. ஆனால் பணம் வருவதில் தாமதம் ஏற்பட்டது, சூழலுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் சுதந்திரமும் குறைந்தது. அரசிடம் கொடுத்தால் வேலை நீடிக்கும், வேகம் மட்டுப்படும். இரண்டையும் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும்.

மக்களிடமே கொடுத்ததற்குக் கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியைச் சொல்லலாம். 1992இல் பொது சுகாதார மருத்துவர் சமரஜித் ஜானா அங்கே எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார். 1995இல் பாலியல் தொழிலாளர்கள் தங்களுக்கென துர்பார் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதே ஆண்டு சொந்தமாக ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார்கள். வங்கிக் கணக்கு திறக்க முடியாமல் கந்துவட்டியில் சிக்கியிருந்தவர்கள் அவர்கள். 1999இல் திட்டத்தின் நிர்வாகமே துர்பார் கைக்கு வந்தது. கவனித்தீர்களா, கூட்டுறவுச் சங்கம் முதலில், நிர்வாகம் அப்புறம். கையில் காசு இருந்ததால் பேச்சில் துணிவு இருந்தது. என் கணிப்பில், கையளிப்பைக் கற்க விரும்புபவர் முதலில் படிக்க வேண்டிய வரலாறு இதுதான்.

ஊர்ப் பஞ்சாயத்திடம் கொடுப்பதில் வேறு சிக்கல். நாகைக் கடலோர மீனவர் பஞ்சாயத்துகள் சுனாமி நேரத்தில் அசாத்தியமாக உழைத்தன; நிவாரணப் பொருளை வரிசையில் நிறுத்திப் பங்கிட்ட ஒழுங்கை எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அந்தப் பஞ்சாயத்துகளில் பெண்கள் இல்லை. கடலுக்குப் போகாத தலித் மக்களும் விவசாயக் கூலிகளும் முதலில் வந்த பட்டியல்களில் விடுபட்டார்கள். வெளியார் போன பிறகு ஊரின் பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே திட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, விலகுமுன் ஊருக்குள் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்பது நிறுவனத்தின் கடமை. பேசாதவர்களுக்குத் தனிச் சங்கமோ, குழுவில் உறுதியான இடமோ உண்டாக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பணத்தைப் பெற வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு தேவை, எஃப்.சி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தப் பணத்தைப் பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அந்த நிறுவனமும் பதிவு பெற்றதாக இருந்தாலும்கூட முடியாது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் பணத்தை வாங்கிச் சிறிய சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த வழி அடைபட்டுவிட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.

அப்படியானால் உள்ளூர்ச் சங்கம் நேரடியாகப் பதிவு பெறட்டுமே என்று தோன்றும். அதற்குச் சங்கம் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் தன் நோக்கத்துக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு இது மலை. எனவே இந்தியாவில் ஒரு பன்னாட்டு நிறுவனம் இன்று கையளிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால், வாங்கிக்கொள்ளும் அமைப்பு சட்டப்படி தயாராக மூன்று ஆண்டாவது பிடிக்கும். இல்லையென்றால் வெளிநாட்டுப் பணத்தையே நம்பாத வழியைத் தேட வேண்டும்: உறுப்பினர் சந்தா, சேவைக் கட்டணம், அரசுத் திட்டங்கள், வங்கிக் கடன். நம் மகளிர் சுய உதவிக் குழுக்களின் வரலாறு இந்த இடத்தில் தெம்பு தருகிறது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய திட்டம், பின்னர் தமிழ்நாடு அரசின் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. குழுக்கள் தங்கள் சேமிப்பிலும் வங்கிக் கடனிலும் நின்றன. வெளிநாட்டு நிதி வந்துபோனதே இன்று பல குழுக்களுக்குத் தெரியாது.

நட்டாற்றில் விடுவது

ஒழுங்கற்ற வெளியேற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு 2025ஆம் ஆண்டை உலகம் மறக்காது. ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. அடுத்த சில நாட்களில் உலகெங்கும் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு பணத்தில் நடந்த திட்டங்களுக்கு ‘வேலையை நிறுத்துங்கள்’ என்று உத்தரவு போனது. மார்ச் மாதம், திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1 அன்று அந்த அமைப்பின் உதவிப் பணிகள் முடிவுக்கு வந்தன. அது அரசு நிறுவனம்தான், தொண்டு நிறுவனம் அல்ல. என்றாலும் அதன் பணத்தில் நின்ற தொண்டு நிறுவனங்கள் எண்ணற்றவை.

சூடானில் நடந்தது என்னை மிகவும் வருத்தியது. 2023இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தபோது பெரும்பாலான வெளிநாட்டு அமைப்புகள் வெளியேறிவிட்டன. தெருவுக்குத் தெரு இளைஞர்களும் பெண்களும் அவசர உதவிக் குழுக்களாகக் கூடி, பொதுச் சமையலறைகளைத் திறந்து, பெரிய அண்டாக்களில் பருப்பும் தானியமும் வேகவைத்து ஊருக்குப் போட்டார்கள். உள்ளூர் மக்களே எல்லாவற்றையும் நடத்தினார்கள். எங்கே சமைப்பது, யாருக்கு முதலில் கொடுப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. அமெரிக்க உதவி நின்றபோது அந்தச் சமையலறைகள் நூற்றுக்கணக்கில் அணைந்தன. ஆள் இருந்தார்கள், அறிவு இருந்தது, உரிமையும் இருந்தது. ஆனால் தானியம் வாங்கும் பணத்தில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. உள்ளூர் மக்கள் கையில் இருந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விலகும் நிறுவனம் பணம் வரும் வழிகளை இரண்டு மூன்றாக ஆக்கிவிட்டுப் போக வேண்டும். முடியவில்லை என்றால் ஓரிரு ஆண்டுக்கான தொகையையாவது நிபந்தனையின்றி விட்டுச் செல்ல வேண்டும்.

பணியாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூடப்படும் செய்தியைப் பெரும்பாலும் கடைசியில் கேட்பவர்கள் ஓட்டுநர், சமையல்காரர், களப்பணியாளர்கள்தான். ஊரில் கேள்வி கேட்கப்படுவதும் அவர்களிடம்தான். அதே ஊரில் அடுத்த நாளும் குடியிருக்க வேண்டியவர்களும் அவர்களே. தேதி முடிவானதும் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். பணிக்கொடை, சேமநலநிதி, அனுபவச் சான்றிதழ் எல்லாம் கடைசி வாரத்துக்கு முன்பே கையில் கிடைக்க வேண்டும். கையளிப்புக்குப் பிறகு வேலையைத் தொடரப்போகிறவர்கள் பலமுறை இவர்களாகத்தான் இருப்பார்கள்.

போன பிறகு

விலகிய நிறுவனங்கள் திரும்பி வந்து பார்ப்பது அரிது. திட்டம் முடிந்தால் அறிக்கையும் முடிந்துவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்து என்ன ஆயிற்று என்று பார்க்கப் பணம் ஒதுக்கும் கொடையாளர்கள் மிகக் குறைவு. இதை மாற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வேவு பார்க்க வரச் சொல்லவில்லை. உறவினர் வீட்டுக்கு வருவது போல வரலாம். தங்கள் அலுவலகத்தில் தீட்டிய திட்டத்தில் எதை ஊர் மாற்றிவிட்டது என்று பார்த்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

ஆற்றுக்குருடு மாத்திரை வினியோகத்தில் அப்படித்தான் ஒரு பாடம் கிடைத்தது. ஊருக்கு ஒருவர் இருவர் என்று தேர்ந்தெடுத்தபோது, அவர்கள் நெடுந்தூரம் நடந்து பல வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. கூலி கிடையாது. பலர் விட்டுவிட்டார்கள். உகாண்டாவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு குலத்தாரும் தங்களுக்குள்ளேயே ஆளைத் தேர்ந்தெடுப்பது. சித்தப்பா வீடு, அத்தை வீடு, பங்காளி வீடு என்று சுற்றியிருக்கும் சில வீடுகளுக்கு மட்டும் ஒருவர். தன் சொந்தங்களுக்குச் செய்யும் வேலைக்கு யாரும் கூலி கேட்கவில்லை, பெண்கள் நிறையப் பேர் முன்வந்தார்கள், விடுபடுபவர்களும் குறைந்தார்கள். அந்த மக்களின் உறவுமுறையே மாத்திரை வினியோகத்தின் அமைப்பாகிவிட்டது.

1974இல் திட்டம் தொடங்கிய ஏழு நாடுகளில் நைஜரும் ஒன்று. ஹெலிகாப்டர்கள் போய்விட்டன, 2002இல் திட்டமும் மூடப்பட்டது. பிறகு 2008 முதல் 2019 வரை யானைக்கால் நோய்க்காக அங்கே ஐவர்மெக்டின் ஆண்டுதோறும் கொடுக்கப்பட்டது. அது ஆற்றுக்குருட்டையும் சேர்த்தே அடக்கியது. 2025 ஜனவரியில் அந்த நோயின் பரவல் நைஜரில் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இந்த நிலையை எட்டிய முதல் நாடு அது. திட்டத்தைத் தொடங்கியவர்கள் கடையைக் கட்டி அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.